ஒரே ஒரு தோட்டாதான் என்றால் எதை எடுப்பீர்கள்? கென்னத் ஆண்டர்சன் எடுத்தது இதைத்தான்!

யானைக்கவுனி பாலத்தின் மேல் நின்றால் கீழே ரயில்கள் போவது தெரியும். சென்ட்ரலில் கிளம்பி, பேசின் பிரிட்ஜைத் தொடுவதற்குள் எல்லா ரயிலும் இந்த இடத்தைத் தாண்டியாக வேண்டும். போன வாரம் சாயங்காலம் அங்கே நின்றிருந்தபோது, எங்கள் தெருத் தம்பி ஒருத்தன் போனில் பி.ஜி.எம்.ஐ ஆடிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டான். அண்ணா, நிஜமாவே ஆப்பிரிக்கக் காட்டுக்குப் போறோம்னு வச்சுக்கோங்க. யானை, சிங்கம், காட்டெருமை எல்லாம் இருக்கு. ஒரே ஒரு துப்பாக்கி, ஒரே வகைத் தோட்டாதான் எடுத்துட்டுப் போகலாம். எதை எடுப்பீங்க?

கேமில் இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். தப்பாக எடுத்தால் லாபிக்குத் திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம். நிஜத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாக வேட்டைக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. அந்தச் சண்டையில் நம்ம ஊர்க் காடுகளில் அலைந்த ஒருவருக்கும் இடம் உண்டு. பாலத்துக்குக் கீழே அப்போது போன பெங்களூரு ரயிலைப் பார்த்ததும் அவர் ஞாபகம்தான் வந்தது. அவர்தான் கென்னத் ஆண்டர்சன்.

மூன்று பேர், மூன்று பதில்

ஆண்டர்சனுக்கு வருவதற்கு முன் ஆப்பிரிக்காவை ஒரு ரவுண்டு பார்த்துவிடலாம்.

அமெரிக்க ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கிய கையோடு, 1909-ல் தியோடர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குக் கிளம்பினார். கூடவே மகன் கெர்மிட். இரண்டு பேரும் சுட்டது 512 விலங்குகள். இன்றைக்குப் படித்தால் வயிறு கலங்கும் கணக்கு. அவர் ஒரே துப்பாக்கியை நம்பவில்லை. யானைக்கு இங்கிலாந்தில் செய்த கனமான இரட்டைக் குழல், சின்ன விலங்குகளுக்கு ஸ்பிரிங்ஃபீல்டு, சிங்கத்துக்கு வின்செஸ்டர் 1895 என்று பிரித்து வைத்திருந்தார். அந்த வின்செஸ்டரில் போட்டது .405 என்ற தோட்டா.

இதற்கு நேர் எதிர், வால்டர் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அதில் பெரும்பகுதிக்குப் பயன்படுத்தியது .275 ரிக்பி என்ற ஒல்லியான தோட்டா. மானுக்கே போதுமா என்று மற்றவர்கள் யோசிக்கும் சைஸ். யானையின் மண்டை ஓட்டை அறுத்துப் பார்த்து, மூளை எந்த இடத்தில் இருக்கிறது, எந்தக் கோணத்தில் நின்றால் குண்டு அங்கே போய்ச் சேரும் என்று பாடமே படித்திருந்தார். அதே .275 ரிக்பிதான் குமாவுன் மலைகளில் ஜிம் கார்பெட்டின் கையிலும் இருந்தது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-ல் அவருக்குக் கிடைத்த பரிசு அது.

மூன்றாவது பதில் 1912-ல் வந்த .375 ஹாலண்டு அண்டு ஹாலண்டு. ஆப்பிரிக்காவுக்கு ஒரே தோட்டா என்றால் இன்றைக்கும் பெரும்பாலானோர் கை காட்டுவது இதைத்தான். யானை, காட்டெருமை போன்ற ஆபத்தான விலங்குகளுக்கு இதற்குக் குறைந்த அளவு கூடாது என்றே ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் விதி இருக்கிறது.

ரூஸ்வெல்ட்டின் ஆப்பிரிக்கப் பயணம் 1910 மார்ச்சில் முடிந்தது. அதே மாதம் 8-ம் தேதி, ஹைதராபாத் பக்கம் பொலாரத்தில் ஒரு குழந்தை பிறந்தது. பின்னாளில் அந்த .405-ஐத் தோளில் மாட்டிக்கொண்டு பென்னாகரம் காட்டில் சுற்றப்போகிற குழந்தை.

ஆபீஸ் வேலை, காட்டு வாழ்க்கை

ஆண்டர்சன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்தியாவில் வாழ்ந்த ஸ்காட்டிஷ் குடும்பம். அப்பா ராணுவக் கணக்குத் துறை அதிகாரி. கென்னத் படித்தது பெங்களூரில், பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும். சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். பிடிக்கவில்லை. பாதியிலேயே கிளம்பி வந்துவிட்டார்.

அப்புறம் நம்மில் பலரைப் போலத்தான், ஒரு வேலை. தபால் தந்தித் துறையில் 15 வருஷம். பிறகு பெங்களூரு விமானத் தொழிற்சாலையில் திட்டமிடல் மேலாளர். இன்றைக்கு நாம் எச்.ஏ.எல் என்று சொல்கிறோமே, அதே தொழிற்சாலை. சனி, ஞாயிறு வந்தால் பழைய ஸ்டூடிபேக்கர் காரை எடுத்துக்கொண்டு ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஒகேனக்கல் என்று கிளம்பிவிடுவார். தமிழும் கன்னடமும் பேசுவார். காட்டோரத்து ஆட்கள்தான் அவருக்குத் தோழர்கள். பென்னாகரத்து ரங்கா, சின்னாறு கரையில் பொந்து போட்டு வாழ்ந்த காட்டுவாசி பைரா ஆகிய இருவரும் அவர் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருவார்கள். தடம் பார்ப்பது, சத்தத்தை வைத்து எந்த விலங்கு எங்கே நிற்கிறது என்று சொல்வது எல்லாம் இவர்களிடம் கற்றது.

மகாராஜாக்களைப் போல யானை மேல் உட்கார்ந்து, நூறு பேரை வைத்து விரட்டிச் சுடும் வசதி அவருக்குக் கிடையாது. மாசச் சம்பளக்காரர். இங்கிலாந்தில் கையால் செய்யும் இரட்டைக் குழல் துப்பாக்கிகளின் விலை அவரை மாதிரி ஆட்களுக்கு எட்டாத உயரம். அமெரிக்கத் தொழிற்சாலையில் மொத்தமாகத் தயாரான வின்செஸ்டர் அதைவிட ரொம்பவே மலிவு. காலம் முழுக்க அவர் கதைகளோடு ஒட்டிக்கொண்டது அந்த .405 வின்செஸ்டர்தான்.

அப்படி என்ன இருக்கு அந்த .405-ல்?

லயன்-முத்து காமிக்ஸ் படித்தவர்களுக்கு டெக்ஸ் வில்லரைத் தெரியும். இல்லையென்றால் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' படத்தையாவது பார்த்திருப்பீர்கள். கௌபாய்கள் துப்பாக்கியின் அடியில் இருக்கும் வளையத்தை டக்கென்று கீழே தள்ளி மேலே இழுப்பார்களே, அந்த வகைதான். அதில் 1895 மாடலை வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங். மற்ற கௌபாய் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் வரிசையாகப் படுத்திருக்கும். இதில் நடுவில் ஒரு பெட்டி. அதனால் பெரிய, பலமான தோட்டாக்களைப் போட முடிந்தது. 1904-ல் இதற்காகவே .405 வந்தது.

அதன் குண்டு எடை 300 கிரெய்ன். நம்ம கணக்கில் சுமார் 19.4 கிராம். யானைக்கவுனிக்குப் பக்கத்திலேயே சௌகார்பேட்டை இருப்பதால் நகைக்கடை பாஷையில் சொல்கிறேன், கிட்டத்தட்ட இரண்டரைச் சவரன் எடையுள்ள ஈயக் கட்டி. அது நொடிக்கு சுமார் 670 மீட்டர் வேகத்தில் போகும். போலீஸ் வைத்திருக்கும் 9 எம்.எம் பிஸ்டலின் குண்டோடு ஒப்பிட்டால், சுமார் ஒன்பது மடங்கு சக்தி. சுடுகிறவர் தோளுக்கும் அதில் பங்கு உண்டு. உதை பலமாக இருக்கும்.

ஆனால் ஒரு குறையும் உண்டு. .375-க்கும் அதே 300 கிரெய்ன் குண்டுதான் பிரபலம். எடை ஒன்று, ஆனால் உடம்பு ஒல்லி. .405-ன் குண்டு 10.4 மில்லிமீட்டர் தடிமன், .375-ன் குண்டு 9.5 மில்லிமீட்டர். ஒரே எடையில் ஒல்லியாகவும் நீளமாகவும் இருப்பது ஆழமாக இறங்கும். கோணி ஊசி மூட்டையில் எப்படி இறங்குகிறது, அதே தடிமனுள்ள மழுங்கிய ஆணி எப்படித் திணறுகிறது என்று சுமை தூக்கும் அண்ணன்களைக் கேட்டால் சொல்வார்கள். தவிர, .375 வேகமும் அதிகம். குட்டையான .405 குண்டு தூரம் போகப் போக வேகத்தைச் சீக்கிரம் இழந்துவிடும்.

புலி, சிறுத்தை, சிங்கம் என்றால் இந்தக் குறை தெரியாது. அவற்றுக்குத் தோல் மெல்லிசு, எலும்பும் அவ்வளவு கனமில்லை. பரணில் உட்கார்ந்து முப்பது, நாற்பது அடி தூரத்தில் சுடும்போது, அகலமான மென்முனைக் குண்டு பட்ட இடத்திலேயே விரிந்து மிருகத்தைச் சாய்த்துவிடும். யானை விஷயம் வேறு. அதன் மண்டை ஓடு தேன்கூடு மாதிரி அறை அறையான எலும்பு. மூளை அதற்குள் வெகு ஆழத்தில் இருக்கிறது. அங்கே விரியும் குண்டு வேலைக்கே ஆகாது. உலோக உறை போட்ட, விரியாத கெட்டிக் குண்டு வேண்டும். அதுவும் நேராக, ஆழமாகப் போக வேண்டும். ஆப்பிரிக்காவில் ரூஸ்வெல்ட் யானைக்கு வேறு துப்பாக்கி வைத்திருந்தது இதனால்தான்.

அப்படியானால் ஆண்டர்சன் ஏன் இதையே பிடித்துக்கொண்டார்? அவர் தேடிப் போனது பெரும்பாலும் புலியும் சிறுத்தையும். சுட்டது பக்கத்திலிருந்து. சுட்டது பெரும்பாலும் இரவில், துப்பாக்கியிலேயே கட்டிய டார்ச் வெளிச்சத்தில். அந்த வேலைக்கு இது கச்சிதம். கண்ணை மூடிக்கொண்டு கையாளும் அளவுக்கு அந்தத் துப்பாக்கி அவருக்குப் பழகியும் போயிருந்தது. இருட்டில் இரண்டாவது தோட்டாவை ஏற்றும்போது கை யோசிக்கக் கூடாது.

குறி தப்பினால் யாருக்கு நஷ்டம்?

கேமில் குறி தப்பினால் நாம்தான் அவுட். காட்டில் குறி தப்பினால் அவுட் ஆவது வேறு யாரோ. ஆண்டர்சன் கதைகளின் மையமே இதுதான்.

புலி பொதுவாக மனிதனைக் கண்டால் ஒதுங்கிப் போகும் மிருகம். அது ஆட்கொல்லியாக மாறுவதற்குப் பின்னால் பல சமயம் ஒரு மனிதனின் கைவேலை இருக்கும். வயலில் காவல் இருப்பவர் நாட்டுத் துப்பாக்கியில் ஆணியையும் ஈயத் துண்டையும் போட்டுச் சுடுவார். அல்லது ஊரிலிருந்து வந்த பொழுதுபோக்கு வேட்டைக்காரர் அவசரத்தில் சுட்டு, காலிலோ தாடையிலோ காயப்படுத்திவிட்டு ரயில் ஏறிவிடுவார். அந்தப் புலியால் அதன் பிறகு மானைத் துரத்த முடியாது. மாடு மேய்க்கும் பெண்ணும், சுள்ளி பொறுக்கும் கிழவரும் அதற்குச் சுலபமான இரை ஆகிவிடுவார்கள். அவருடைய புகழ்பெற்ற ஜவளகிரி கதையில் வருவதும் துணையை இழந்து, துப்பாக்கிக் காயத்தோடு தப்பிய ஒரு பெண்புலிதான். அதற்கு விலை கொடுத்தவர்கள் சுட்ட ஆட்கள் இல்லை, சுற்றியிருந்த கிராமத்து மக்கள்.

அதனால்தான் சக்தி குறைந்த தோட்டாவோடு பெரிய விலங்கைத் தேடிப் போவது வீரம் இல்லை, பொறுப்பின்மை. பெல் மாதிரி உடற்கூறு படித்த ஒருத்தர் சின்னத் தோட்டாவை வைத்துச் சமாளிக்கலாம். அவரைப் பார்த்துவிட்டு நூறு பேர் அதே தோட்டாவோடு கிளம்பினால், காட்டில் நூறு காயம்பட்ட யானைகள் நிற்கும். பல நாடுகள் குறைந்தபட்ச அளவு என்று விதி போட்டதற்குக் காரணம் இந்த நூறு பேர்தான்.

1939 முதல் 1966 வரையிலான அரசுப் பதிவுகளின்படி ஆண்டர்சன் சுட்ட ஆட்கொல்லிகள் எட்டு சிறுத்தைகளும் ஏழு புலிகளும். அவர் எழுதியதில் கொஞ்சம் மசாலா உண்டு என்று சந்தேகப்படும் வாசகர்களும் இருக்கிறார்கள். இரவில், தனியாக, பரணில் நடந்ததற்கு வேறு சாட்சி கிடையாதுதானே. ஆனால் காயம்பட்ட விலங்கை அப்படியே விட்டுவிட்டு வரக் கூடாது, விடிந்ததும் இரத்தத் தடம் பார்த்து நடந்தே போய் முடிக்க வேண்டும் என்ற ஒழுங்கு அவர் கதைகள் முழுக்க இருக்கிறது. வேட்டையிலேயே ஆபத்தான நேரம் அதுதான். புதரில் பதுங்கியிருக்கும் காயம்பட்ட சிறுத்தை பாய்ந்தால், சுட ஒரே ஒரு வாய்ப்புதான் இருக்கும்.

யானை என்று வந்தபோது

யானையை மட்டும் நினைத்தபடி சுட முடியாது. அதற்குக் காரணம் நம்ம மெட்ராஸ். 1873-லேயே காட்டு யானைகளைப் பாதுகாக்க மெட்ராஸ் மாகாணத்தில் சட்டம் வந்துவிட்டது. 1879-ல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கான சட்டமும் வந்தது. மதம் பிடித்தோ, மனம் பேதலித்தோ ஆட்களைக் கொல்லும் யானை என்று அரசே அறிவித்தால்தான் சுட அனுமதி. அதற்குப் பெயர் ரோக் யானை.

1954-ல் வந்த ஆண்டர்சனின் முதல் புத்தகம், 'நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்டு ஒன் ரோக்'. ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு ரோக் யானையும் என்று அர்த்தம். அந்த ஒரு யானை, பானாபட்டி யானை. பென்னாகரம் பக்கத்துக் காடுகளில், காவிரிக்கு ஓடும் சின்னாறு பகுதியில் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த யானை. தலைப்பிலேயே பாருங்கள், ஒன்பதுக்கு ஒன்று. யானை சுடுவதில் அவருக்கு ஆசை கிடையாது. வேறு வழியில்லாதபோது செய்கிற வேலையாகத்தான் அது அவர் எழுத்தில் வருகிறது.

ஸ்டூடிபேக்கர் ஆயிலைக் குடித்த கரடி

ஆண்டர்சனை இதுவரை கேள்விப்பட்டதே இல்லை என்கிறீர்களா? சி.பி.எஸ்.இ-யில் படித்திருந்தால் அவர் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம். ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் புரூனோ என்ற கரடிக்குட்டியின் கதை ஞாபகம் இருக்கிறதா? எழுதியவர் இவர்தான்.

அந்தக் கதை எங்கே தொடங்குகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? மைசூர் பக்கம் கரும்புத் தோட்டத்தில் ஒரு கரடி போகிறது. கூட வந்தவர்களில் ஒருத்தர் எந்தத் தேவையும் இல்லாமல் அதைச் சுட்டுவிடுகிறார். செத்த தாயின் மேல் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டு கதறுகிறது. ஆண்டர்சன் அதைக் கோணிப் பையில் போட்டு பெங்களூருக்குக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுக்கிறார்.

அப்புறம் அது வீட்டுப் பிள்ளை. எதைக் கொடுத்தாலும் தின்னும். எலிக்கு வைத்த விஷத்தைத் தின்று, கை கால் இழுத்துக்கொண்டு, ஊசி போட்டுப் பிழைத்தது. ஸ்டூடிபேக்கரிலிருந்து வடித்து வைத்த பழைய இன்ஜின் ஆயிலைக் குடித்துவிட்டு ஒன்றுமே ஆகாத மாதிரி திரிந்தது. பெரிதானதும் வேறு வழியில்லாமல் மைசூர் மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பினார்கள். அங்கே கரடி வாடியது, இங்கே மனைவி வாடினார். மூன்று மாதம் கழித்துப் பார்க்கப் போனவர், அனுமதி வாங்கித் திரும்பவும் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். சுற்றிலும் பள்ளம் வெட்டி, நடுவில் ஒரு குட்டித் தீவு அமைத்து, வீட்டு வளாகத்திலேயே வைத்து வளர்த்தார்கள்.

சுட வேண்டிய இடத்தில் எந்தத் தோட்டா என்று யோசித்த மனிதர், சுடக் கூடாத இடத்தில் ஒருத்தர் சுட்டதற்கான பொறுப்பைத் தன் வீட்டிலேயே சுமந்தார். எனக்கு அவரைப் பிடித்தது இந்த இடத்தில்தான்.

துப்பாக்கி ஓய்ந்தது

கடைசி வருஷங்களில் ஆண்டர்சன் காட்டுக்குள் சுட்டது கேமராவில். தென்னிந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்பைப் பற்றி முதலில் பேசியவர்களில் ஒருவராக மாறியிருந்தார். சின்ன வயதில் தான் பார்த்த காடு கண் முன்னால் சுருங்கிப் போவதைத் தொடர்ந்து எழுதினார். 1972-ல் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அதே வருஷம்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் புலிகள் பாதுகாப்புத் திட்டம். 1974 ஆகஸ்ட் 30 அன்று பெங்களூரில் இறந்தார். வயது 64. அவருடைய கடைசிப் புத்தகம் ஒன்று இறந்த பிறகு, 1976-ல் வெளியானது.

அவருடைய .405-க்கும் வயதாகியிருந்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே வின்செஸ்டர் 1895 தயாரிப்பு நின்று பல வருஷம் ஆகிவிட்டது. பழைய மோகத்தில், 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மறுபடி கொண்டுவந்தார்கள்.

ஆண்டர்சன் ஆட்கொல்லியைத் தேடி அலைந்த இடங்களில் ஒன்று நீலகிரியின் சீகூர். அதே மசினகுடி, சீகூர் வட்டாரத்தில் 2021-ல் டி-23 என்ற புலியை வனத்துறை தேடியது ஞாபகம் இருக்கும். நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி. கொல்லக் கூடாது, உயிரோடு பிடிக்கப் பாருங்கள் என்றது சென்னை உயர் நீதிமன்றம். மூன்று வாரம் தேடி, அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். சிகிச்சைக்குக் கொண்டுபோனது மைசூருவுக்கு, புரூனோ போன அதே ஊருக்கு.

மயக்க ஊசிக்கும் ஒரு துப்பாக்கி உண்டு. விலங்கின் எடையைக் கணக்குப் போட்டு மருந்து நிரப்ப வேண்டும். கூடினால் செத்துவிடும், குறைந்தால் எழுந்து பாய்ந்துவிடும். பக்கத்தில் போய், தசையில் படும்படி சுட வேண்டும். ஊசி பட்ட பிறகு, மயங்கும் வரை அதைப் பின்தொடர வேண்டும். ஆண்டர்சன் பரணில் போட்ட கணக்குகள்தான், முடிவு மட்டும் வேறு.

தம்பிக்கு இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு ரயில் போய்விட்டது. ஒரே தோட்டா என்றால் ஆப்பிரிக்காவுக்கு .375 என்றேன். நம்ம காட்டுக்கு? என்று திருப்பிக் கேட்டான். மயக்க ஊசி என்றேன். கேமில் அது இல்லையே அண்ணா என்று சிரித்தான். இந்த ஊருக்கு வாசல் வைத்து யானை பெயரையும் வைத்துவிட்டோம், இன்றைக்கு இங்கே ஒரு யானை கூட இல்லை. பென்னாகரத்திலும் ஜவளகிரியிலும் இன்னும் இருக்கின்றன. அந்தக் காடுகளெல்லாம் இப்போது காவிரி வனவிலங்குச் சரணாலயங்களாகிவிட்டன. அடுத்த முறை ஒகேனக்கல் போனால், பரிசலில் ஏறுவதற்கு முன் அந்த மலைகளை ஒரு நிமிஷம் பாருங்கள். போனில் கேமரா இருக்கிறதுதானே, கடைசியில் அவர் கையில் இருந்ததும் அதுதான்.